மேடையில் திருத்திய சொல்

என் மனைவி புனிதா தமிழ் ஆசிரியை. மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் தமிழ்ப்பள்ளியில் வேலை. தோட்டம் இப்போது இல்லை. பாதி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகிவிட்டது, மீதி வரிசை வீடுகள் கட்டிய தாமானாகிவிட்டது. பள்ளி மட்டும் பெயர்ப்பலகையோடு பெரிய சாலைப் பக்கம் இடம்மாறி வந்து நிற்கிறது. நான் ரயில் பணிமனையில் மின்பிரிவில் இருக்கிறேன். எனக்கும் இலக்கணத்துக்கும் உள்ள உறவு, புனிதாவைக் கட்டிக்கொண்டதோடு சரி.

புனிதாவை ஈப்போ வட்டாரத்தில் நிறையப் பேருக்குத் தெரியும். ஒரே ஒரு பேச்சுதான் காரணம். ஆசிரியர் தினத்துக்கு எங்கே கூப்பிட்டாலும் அதைத்தான் பேசுவாள். முதலில் 'ஆசிரியர்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவாள். பிறகு நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பாள். ஆசு என்றால் குற்றம், இரியர் என்றால் விரட்டுபவர். பிள்ளையின் மனத்தில் இருக்கிற குற்றத்தை விரட்டுகிறவர் எவரோ, அவரே ஆசிரியர் என்பாள். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பாள். பிறகு கைதட்டல் எழும். அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு தகப்பனார் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் போட, அது சிங்கப்பூர், சென்னை என்று சுற்றி, எங்கள் உறவுக்காரர்கள் வழியாக எங்களுக்கே திரும்பி வந்தது. அதன்பிறகு சித்தியவான், கோலா கங்சார் என்று பல ஊர்களிலிருந்து அழைப்புகள். எல்லா இடத்துக்கும் வண்டி ஓட்டிப் போனவன் நான். அந்தப் பேச்சு எனக்கே மனப்பாடம்.

அந்த விளக்கம் அவள் கண்டுபிடித்ததல்ல. சின்ன வயதில் தோட்டப் பள்ளியில் அவளுக்குப் பாடம் நடத்திய சன்னாசி வாத்தியார் சொன்னது. ஐந்தாம் வகுப்பில் ஒரு சோதனையின்போது புனிதா பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதிவிட்டாள். வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். பிரம்பை எடுக்கவில்லை. வகுப்பு கலைந்தபிறகு அவளை நிறுத்திவைத்து, ஆசு, இரியர் என்று பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். உன்னிடம் இருக்கிற இந்தச் சின்னக் குற்றத்தை விரட்டுவதுதான் என் வேலை, அதனால்தான் எனக்கு இந்தப் பெயர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினாராம். தானும் ஆசிரியர் ஆக வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான். வாத்தியார் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அந்தப் பேச்சைப் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் பள்ளிக்கு ஹைகல் என்ற இளம் ஆசிரியர் மாற்றலாகி வந்தார். சொந்த ஊர் சித்தியவான். அப்பா அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். தமிழ் முஸ்லிம் குடும்பம். மனைவி அஃப்ரீன் ஈப்போ மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். நன்றாகத் தமிழ் தெரிந்தவர், பிள்ளைகளிடம் குரலை உயர்த்தமாட்டார் என்று புனிதாவே அவரைப் பாராட்டிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் பள்ளி முடிந்து எல்லோரும் போனபிறகு, ஹைகல் அவளிடம் வந்து தயங்கித் தயங்கிப் பேசியிருக்கிறார். ஆசிரியர் என்ற சொல்லுக்கு டீச்சர் தரும் விளக்கம் சரியில்லை என்று தோன்றுகிறது, அது வடமொழியின் 'ஆசார்ய' என்ற சொல்லிலிருந்து வந்தது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன என்றாராம். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். இரிதல் என்றால் தானாக ஓடுவது. விரட்டுவது என்றால் இரித்தல். அப்படிப் பார்த்தால் ஆசு இரியர் என்பதற்குக் குற்றத்தோடு ஓடிப்போகிறவர் என்றல்லவா பொருள் வரும்?

புனிதா சிரித்து வைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கும்போது, நம் ஹைகல் சார் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார், இனிமேல் நாமெல்லாம் குற்றத்தோடு ஓடிப்போகிறவர்களாம் என்று சொல்லிவிட்டாள். அறையே சிரித்தது. ஹைகலும் ஒப்புக்குச் சிரித்துவிட்டுக் குனிந்து பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தத் தொடங்கினார்.

சாயங்காலம் என்னிடமும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அவரு கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலையே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தேடத் தொடங்கினாள். வீட்டில் இருந்த அகராதிகளைப் பிரித்தாள். நூலகத்துக்குப் போனாள். யார் யாரிடமோ கேட்டாள். ஆசு, இரியர் என்று பிரிக்கிற அறிஞர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அவள் முகம் மலர்ந்தது. அவர்கள் தரும் ஆதாரம் என்ன என்று பார்த்தபோது மறுபடி வாடியது. சமைக்கும்போதும் அதே யோசனை. ஒருநாள் ரசத்தில் புளியே போடவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

கடைசியில் கோலா கங்சாருக்குப் போகலாம் என்றாள். அங்கே ஐயாவு என்ற ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர் இருக்கிறார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் புனிதாவுக்குப் பாடம் எடுத்தவர். அவர் மட்டும் நீ சொல்வதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவள் நினைத்தது, வண்டியில் அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

ஐயாவு சார் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். தேநீர் கொடுத்தார். புனிதா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, சாதாரண விஷயம்போல, அந்தப் பையன் சொன்னதுதான் சரி என்றார்.

சார் நீங்களே கல்லூரி விழாவில் இந்த விளக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்களே என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார்.

"சொல்லியிருக்கேன்மா. அப்பவே எனக்கு சந்தேகம்தான். ஆனா கேக்குறதுக்கு அழகா இருந்துச்சு. கூட்டத்துக்கும் பிடிச்சிருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். நீயும் விட்டுரு. இதனால யாருக்கு என்ன நட்டம்?"

திரும்பி வரும்போது சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டியதும் அவளே பேச்சை எடுத்தாள். சாருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்றாள். அவர்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை, இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்த வருட ஆசிரியர் தின விழாவைத் தமிழ்ப்பள்ளிகள் பல சேர்ந்து ஈப்போவில் ஒரு பெரிய மண்டபத்தில் நடத்துவதாக ஏற்பாடு. சிறப்புப் பேச்சு புனிதாவுடையது. தலைப்பு 'ஆசு இரியர்'. அவளை அந்த மேடைக்குப் பரிந்துரைத்தவர் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கனகராஜ். லாரித் தொழில் செய்கிறவர். பள்ளிக்கு ஒன்று என்றால் தன் ஆட்களையும் லாரிகளையும் அனுப்பிவைக்கிற மனிதர். புனிதாவின் பேச்சைக் கேட்பதற்கென்றே பெற்றோருக்குப் பேருந்து ஏற்பாடு செய்திருந்தார்.

அவரிடம் நேரில் சொல்லாமல் மேடையில் ஏறுவது முறையில்லை என்று புனிதா சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் அவருடைய லாரிக் கொட்டகைக்குப் போனோம். அவர் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். புனிதா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். பேச்சு உண்டு, ஆனால் பழைய விளக்கம் தவறு என்றுதான் பேசப்போகிறேன் என்றாள்.

கனகராஜ் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. பதாகை அச்சடித்தாகிவிட்டது என்றார். இதையெல்லாம் கிளப்பிவிட்டது அந்தப் புது சாரா என்று கேட்டார். அவருக்கு நம்ம மொழிமேல என்ன அக்கறை என்று அவர் ஆரம்பித்தபோது புனிதா குறுக்கிட்டாள்.

"அண்ணே, எனக்குத் தெரியாத ஒண்ண அவரு தமிழ்ல சொல்லிக் குடுத்திருக்காரு. அவரு வீட்லயும் தமிழ்தான், என் வீட்லயும் தமிழ்தான். அவரப் பத்தி இந்த மாதிரிப் பேசாதீங்க."

அவர் அடங்கினார். பிறகு அவர் பேசியது கோபமாக இல்லை.

"டீச்சர், போன மாசம் என் மக அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தா. பெரிய ஸ்கூல்ல ஒரு பையன் அவள பெண்டாத்தாங்னு சொல்லிட்டான். வந்தேறியாம். நாலு தலைமுறையா இங்க இருக்கோம்லா. அவளுக்கு நான் என்ன சொல்லித் தேத்துனேன் தெரியுமா? நம்ம மொழியப் பாரு, ஒவ்வொரு சொல்லும் நம்ம சொந்தம், எங்கயிருந்தும் வரலன்னு சொன்னேன். உங்க பேச்சத்தான் போட்டுக் காட்டுனேன். இப்ப நீங்களே மேடையேறி இதுவும் வந்ததுதான்னு சொன்னா, நான் அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

கனகராஜ் மகள் சாந்தினியை எனக்குத் தெரியும். புனிதாவிடம் படித்த பிள்ளை. புனிதா கையிலிருந்த சாவிக்கொத்தை மடியில் வைத்தாள்.

"வந்ததுன்னா சொந்தம் இல்லைன்னு ஆயிருமா அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பையன் நினைக்கிறதும் அதானே? வந்தது எதுவும் எப்பவும் சொந்தமாகாதுன்னு. நாமளும் அதையே நம்பிக்கிட்டு, எங்களுது எதுவும் வரவே இல்லைன்னு சாதிச்சா, அவன் சொல்றத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

கனகராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், மேடையில் எடுபடாது என்றார். பேருந்து ஏற்பாட்டை மாற்ற மாட்டேன், வருகிறவர்கள் வரட்டும், பேசுவது உங்கள் இஷ்டம் என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை புனிதா செய்த காரியத்தை நான் நேரில் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஹைகல்தான் பிறகு ஒருநாள் சொன்னார். காலைக் கூட்டம் முடிந்து எல்லா ஆசிரியர்களும் அறையில் இருந்த நேரத்தில் அவள் எழுந்து நின்றிருக்கிறாள். ஹைகல் சார் என்னிடம் தனியாக வந்து சொன்னதை நான் இங்கே எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன், அதனால் எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் சொன்னது சரி, நான் செய்தது தவறு என்றாளாம். ஹைகலுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லையாம். டீச்சர் பரவாயில்ல டீச்சர் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். அன்று மதியம் அவரே அவளிடம் போய், மேடையில் இதைச் சொல்ல வேண்டாம், கூட்டம் சந்தோஷமாக வரும், சந்தோஷமாகப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தைத் தொடங்கிவைத்தவரே வேண்டாம் என்றும் புனிதா மாறவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன். சன்னாசி வாத்தியார் பெயரைச் சொல்வாயா? அவர் சொன்னதைத்தானே நீ நம்பினாய், அதைச் சொல்லிவிட்டால் யாரும் உன்னைக் குறைசொல்ல மாட்டார்களே?

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவரு அத ஒரு பிள்ளையத் திருத்துறதுக்காகச் சொன்னாருங்க. அந்தப் பிள்ளையும் திருந்திருச்சு. அதோட அவரு வேலை முடிஞ்சிருச்சு. அத எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் போனது நான். நான் பாத்திருக்கணும்."

மண்டபம் நிறைந்திருந்தது. நான் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஹைகலும் அஃப்ரீனும் எனக்குப் பின்னால். கனகராஜ் முன்வரிசையில் ஏற்பாட்டுக் குழுவினரோடு. மேடையின் பின்னால் கொட்டை எழுத்தில் 'ஆசு இரியர்' என்ற பதாகை தொங்கியது. அதன் கீழேதான் அவள் போய் நின்றாள்.

வழக்கம்போல சொல்லைப் பலகையில் எழுதினாள். வழக்கம்போல நடுவில் கோடு போட்டாள். என் பக்கத்தில் இருந்த அம்மா கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். புனிதா அந்தக் கோட்டைத் துடைப்பானால் அழித்தாள்.

"இந்தக் கோட்டைப் பல வருடங்களாக நான் போட்டு வந்தேன். இது சரியில்லை. யார் சொல்லி நான் கேட்டேன் என்பது இங்கே முக்கியமில்லை. சரிபார்க்காமல் உங்களிடம் கொண்டுவந்தவள் நான். பிழை என்னுடையது" என்றாள்.

அந்த மண்டபத்தில், சொன்னது யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

சலசலப்பு எழுந்தது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, வகுப்பில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஆசாரம் என்றால் ஒழுக்கம், நடந்துகொள்ளும் முறை. அதைத் தானும் கடைப்பிடித்து மற்றவருக்கும் கற்றுத்தருகிறவருக்கு வடமொழியில் ஆசார்ய என்று பெயர், நம் ஆசிரியர் என்ற சொல் அதிலிருந்து வந்தது. பிராகிருதமும் பாலியும் பேசிய துறவிகள், வணிகர்கள் வாய்வழியாக அந்தச் சொல் தெற்கே வந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். வந்தது நேற்றோ முந்தாநாளோ அல்ல. நம் பழைய இலக்கண நூல்களிலேயே ஆசிரியன் என்ற சொல் இருக்கிறது. தமிழ் அதைத் தன் நாக்குக்குத் தோதாக மாற்றிக்கொண்டது. மரவேலை செய்கிறவரை ஆசாரி என்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான் என்று அவள் சொன்னபோது மண்டபத்தில் ஓரிடத்தில் மட்டும் சிரிப்புக் கேட்டது.

கடைசியாக அவள் சொன்னதை நான் மறக்கமாட்டேன். வரும் வழியில் வண்டியில்கூட அவள் அதை என்னிடம் சொல்லிப் பார்க்கவில்லை.

"குற்றத்தை விரட்டுகிறவர் என்று சொன்னபோது, குற்றம் பிள்ளையிடம் இருந்தது. நாம் வசதியாக இருந்தோம். நடந்துகாட்டுகிறவர் என்று சொன்னால், பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள். பழைய விளக்கம் கேட்க இனிமையானது. இது கஷ்டமானது. ஆனால் இதுதான் உண்மையான சொல். ஆயிரம் வருடத்துக்கு மேலாக நம் வாயில் இருக்கிறது. இதைவிட நமக்குச் சொந்தமான சொல் வேறு எது?"

வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டல் இருந்தது, ஆனால் வழக்கமான கைதட்டல் இல்லை. ஆங்காங்கே, யோசித்து யோசித்துத் தட்டியதுபோல. பக்கத்து அம்மா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அறிவிப்பாளர் அவசரமாக அடுத்த நடனத்தை அழைத்தார். பின்வரிசையில் இரண்டு பேர், விழா நாளில் இது தேவையா என்று எல்லோருக்கும் கேட்கும்படியாகவே பேசிக்கொண்டு வெளியே போனார்கள். கனகராஜ் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். ஹைகலும் அஃப்ரீனும் எங்களோடு வந்தார்கள். பக்கத்தில் முகமது இப்ராஹிம் என்பவரின் சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தோம். புனிதா ரொட்டி சானாயும் மீன்குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கோலா கங்சார் போய்வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. அஃப்ரீன் அவள் தட்டைப் பார்த்துச் சிரித்தார். புனிதாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. இணையத்தில் அவளைத் திட்டியவர்கள் உண்டு. தமிழைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஒருவர் எழுதினார். கேள்வியாகக் கேட்டவர்களுக்கு மட்டும் உட்கார்ந்து பதில் எழுதினாள், வசவுகளைத் தொடவில்லை. அடுத்து வருவதாக இருந்த இரண்டு அழைப்புகள் சத்தமில்லாமல் நின்றுபோயின. பழைய காணொளியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை யாராவது பாராட்டி அவளுக்கே அனுப்பினால், நன்றி சொல்லி, இதில் நான் சொல்வது தவறு, சரியானது இது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுகிறாள். நானாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். நான் மட்டுமில்லை, பெரும்பாலான மனிதர்கள் விட்டிருப்பார்கள்.

ஒருநாள் ஐயாவு சார் தொலைபேசியில் கூப்பிட்டார். விழாப் பேச்சின் காணொளியைப் பார்த்துவிட்டாராம். நலம் விசாரித்தார். "இத நான் செஞ்சிருக்கணும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். புனிதா கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

கனகராஜ் சில வாரங்கள் எங்களைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். டுரியான் சீசன் தொடங்கியபோது ஒரு சாயங்காலம் லாரியை வாசலில் நிறுத்தி ஒரு மூட்டைப் பழத்தை இறக்கினார். மகளும் கூட வந்திருந்தாள். அவரே கத்தியால் பிளந்து கொடுத்தார். பாதிப் பழம் தீரும்வரை மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியுமே பேசினார். பிறகு புனிதாவைப் பார்த்தார்.

"விழா மேடை அதுக்கு இடமில்லைன்னுதான் நான் இன்னும் சொல்லுவேன் டீச்சர். ஆனா வீட்ல எனக்குப் பேச்சில்ல. இவ உங்க பக்கம்."

சாந்தினி கையை நக்கிக்கொண்டே, அந்தப் பையனிடம் தான் பேசிவிட்டதாகச் சொன்னாள். என்ன பேசினாய் என்று நான் கேட்டேன். ஆமாம், என் கொள்ளுத்தாத்தா கப்பலில்தான் வந்தார், உன் மலாய் மொழியில் ஆசிரியருக்குச் சொல்கிற 'குரு' எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டுவிட்டு வா என்றாளாம். அவன் மறுநாள் கேட்டுவிட்டு வந்து, தெரியவில்லை என்றானாம். இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். புனிதா இன்னொரு சுளையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

சென்ற வாரம் நான் வேலையிலிருந்து திரும்பியபோது புனிதா எனக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, டீச்சர் 'பள்ளி'ன்னா என்ன, அது எங்கேயிருந்து வந்துச்சு என்று கேட்டதாம். ஹைகல் சார் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவதாகச் சொல்கிறார், ஆனால் அவர் அன்றைக்கு நம் பள்ளியிலிருந்து கிளம்பித்தானே போகிறார் என்பது அந்தப் பிள்ளையின் சந்தேகம். தொழுகை நடக்கும் இடத்தையும் தமிழ் முஸ்லிம்கள் பள்ளி என்றுதானே சொல்வார்கள். புனிதாவுக்கு ஒரு விளக்கம் தெரியும். படுக்கும் இடத்துக்குப் பள்ளி என்று பெயர், துறவிகள் தங்கிய இடங்களுக்கும் அந்தப் பெயர் வந்தது, அங்கே அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாளாம். டீச்சருக்கு அரைகுறையாகத்தான் தெரியும், வாங்க பார்க்கலாம் என்று முழு வகுப்பையும் நூலகத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறாள். நாலு அகராதிகளைத் தரையில் விரித்து, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தேடினார்களாம். ஹைகலும் அவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

என் கையிலிருந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூட வாங்காமல், நின்ற இடத்திலேயே இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே போகத் தோன்றவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.